நுளம்பு பார்க்க வந்தவர்

வீடு வீடாகப் போய் இரத்தம் கேட்கிற தொழிலில், ஊசிக்குப் பயந்தவர்களைச் சமாளித்துவிடலாம். கேட்கிறவனுக்குப் பயந்தவர்களோடுதான் பெரும்பாடு. சனத்தொகை எடுக்கப் போனவர்களும் மின்மானி பார்க்கப் போனவர்களும் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள்.

எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுகூடத்தில் மார்புப் புற்றுநோய் வந்த பெண்களின் இரத்தத்தையும் வராத பெண்களின் இரத்தத்தையும் ஒப்பிட்டு, மைக்ரோ ஆர்என்ஏ என்கிற நுண்துணுக்குகள் எதில் கூடுகின்றன, எதில் குறைகின்றன என்று பார்க்கிறார்கள். இரத்தம் தரச் சம்மதிக்கிற பெண்களைத் தேடுவது என் பங்கு. என் மனைவி அந்த நோயில் போனபிறகு அகப்பட்ட புத்தகங்களை வாசித்தேன். விளங்காததைக் கேட்க அங்கே போகப்போக, அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

விசாரிக்க வந்த ஆள்

குருநகரில் திரேசா என்றொரு பெண். அவருடைய தமக்கை இந்த நோயில் இறந்தவர் என்று அறிந்து போயிருந்தேன். படலையடியில் சைக்கிளை நிறுத்தி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா என்று மெல்லக் கேட்டேன். அவருடைய முகம் இறுகிப்போனது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் நோய்நொடி பற்றி நேரே கேட்கமாட்டார்கள். வயதான, அதிகம் பேசாத ஒருவரை வேறு அலுவலாகப் போகிறமாதிரி அனுப்பி விசாரிப்பார்கள். திரேசாவின் மகளுக்கு அப்போது பாசையூரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நரைத்த தலையும் சைக்கிளுமாக நான் அந்த வேலைக்கென்றே செய்துவைத்த ஆள். படலையைச் சாத்திக்கொண்டு திரேசா சொன்னார்: "பாசையூராரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ, எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் தடிமன்கூட வந்ததில்லை எண்டு."

மறிக்கிறவர்

இரண்டு கிழமை கழித்து அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். அதற்கிடையில் தன் புருஷனை என் ஊருக்கு அனுப்பி என்னை விசாரித்து முடித்திருந்தார். எனக்குப் பாசையூரில் சொந்தம் உண்டா, குடிப்பேனா, மனைவி செத்தது உண்மையா என்றெல்லாம் கேட்டிருக்கிறார் மனுசன். அயலுக்கு, நான் டெங்கு பரப்புகிற நுளம்பு பார்க்க வந்தவர் என்று சொல்லியாகிவிட்டது. அது மெய்யாகத் தெரியவேண்டுமே என்று தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தேன்.

பிறகு விளக்கினேன். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஜீன்கள் இருக்கின்றன. ஒரு ஜீனிலிருந்து செய்தி ஒன்று புறப்பட்டுப் போய்த்தான் புரதம் உண்டாகிறது. மைக்ரோ ஆர்என்ஏ அந்தச் செய்தியில் போய் ஒட்டிக்கொள்ளும். செய்தி சிதைந்துபோகும், அல்லது காரியமாகாமல் நின்றுவிடும். அது உடம்புக்கு வேண்டிய ஒழுங்குதான். புற்றுநோயில் சில துணுக்குகள் குறைய, கலத்தைப் பெருகச் சொல்கிற செய்திகள் மறிப்பாரில்லாமல் ஓடும். வேறு சில கூடிப்போய், பெருக்கத்தை அடக்கவேண்டிய செய்திகளின் வாயையே பொத்திவிடும்.

திரேசா யோசித்தார். "அப்ப கலியாணம் குழப்புற ஆக்கள் மாதிரி. கூடாத சம்பந்தத்தை மறிச்சால் புண்ணியம், நல்லதை மறிச்சால் குடும்பம் நாசம்."

காட்டாமல் சொல்லுமோ

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் என்னைச் சந்தேகப்பட வைத்தன. இரத்தத்தைப் பார்த்தே ஒருத்திக்கு நோய் இருக்கு, இல்லை என்று சொல்லிவிடுவார்களா? டொக்டருக்குச் சட்டையைக் கழற்றிக் காட்டத் தேவையில்லையா? பெயர் இல்லாமல் கொடுக்கலாமா? கேட்கும்போதெல்லாம் வலக்கையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டே இருந்தார்.

ஓம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே இரத்தம் தந்திருப்பார். அதை வாங்கிக்கொண்டு நானும் போயிருக்கலாம், அவரும் பதிலுக்குக் காத்திருந்து காலத்தைப் போக்கியிருப்பார். அதனால் உள்ளதைச் சொன்னேன். இது இன்னும் ஆராய்ச்சிதான். இந்த இரத்தம் தனியொரு ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கட்டி இருந்தால் அதைக் காட்டித்தான் ஆகவேண்டும், அதையும் நாள் கடத்தாமல் கெதியாகக் காட்டவேண்டும்.

திரேசா எழுந்துவிட்டார். "கட்டியெண்டு ஆர் சொன்னது? நான் சொன்னனானோ?"

பஸ்ஸில் ஒருவர்

ஆனால் அந்தக் கிழமையே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரே பஸ்தான், அவர் முன்னால் முக்காட்டோடு, நான் பின்னால், அறிமுகமில்லாதவர்கள்போல. என் பக்கத்தில் வந்து அமர்ந்த பெரியவர் பாசையூர்க்காரர். வானிலை, மீன் விலை எல்லாம் சுற்றிவந்து, குருநகரில் அந்த வீட்டுக்கு நான் போய்வருவதாகக் கேள்வி என்றார். சனம் எப்படி, சுகமாக இருக்கினமோ? உண்மையான விசாரணைக்காரர் இவர்தான். அங்கே எனக்குத் தொட்டியை மட்டும்தான் தெரியும், தொட்டி சுத்தம் என்றேன். முன்னால் முக்காடு அசையவில்லை.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நுளம்பு பாக்கிற ஆளுக்குத் தெல்லிப்பழையிலை என்ன அலுவல்?"

பாசையூரிலிருந்து வந்தவர்

கட்டி கூடாததுதான், புற்றுநோய். ஆனால் பரவ முதல் பிடித்துவிட்டார்கள். ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்ததும், ஒளித்துக் கலியாணம் வேண்டாம் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். திரேசா தானே போய் மாப்பிள்ளையின் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினாராம். பேச்சு முறிந்தது என்றே நானும் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அதே அம்மா குடையோடு என் வீட்டுக்கு வந்தார். தங்கள் ஆளை ஏமாற்றியதற்கு ஏசப்போகிறார் என்று கதிரையை எடுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. அதுக்கு முதல் எங்கடை வீட்டுக்கும் ஒருக்கா நுளம்பு பாக்க வாங்கோ அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

இரத்தத்தைப் பார்த்து நோயை முன்கூட்டிச் சொல்கிற நாள் திருநெல்வேலியில் ஒருநாள் வரலாம். அதுவரைக்கும் என் தொழிலில் நோயை முந்திச் சொல்வது, 'ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ' என்கிற அந்த ஒரு சொல்தான்.