அகழானும் சின்ன ஆந்தையும்

நெல் மாதிரிகளை நிறுப்பதற்காக என் மேசையில் இருந்த தராசில் ஒரு நாள் ஆந்தையொன்றை நிறுத்தேன். கரடியனாற்றில் நான் விவசாயப் போதனாசிரியையாக இருந்த காலம் அது. ஆந்தையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தவர் வட்டை விதானையார். அந்த வயல்வெளியின் நீர்ப்பாய்ச்சலையும் காவலையும் பார்த்துக்கொள்ள விவசாயிகள் தெரிந்தெடுத்த மனிதர்.

அந்தப் போகத்தில் கதிர் வந்த நேரம், அகழான்கள் வரம்பெல்லாம் வளை தோண்டி, பயிரை அடியோடு அறுத்துக்கொண்டிருந்தன. அந்தப் பெருத்த எலிகளுக்கு நஞ்சு வைப்பதென்று விவசாயிகள் முடிவெடுத்தார்கள். நான் மறித்தேன். வாய்க்காலோர மருத மரப் பொந்தில் ஒரு சோடிச் சின்ன ஆந்தைகள் இருந்தன. பகலிலும் வேட்டையாடுவதைக் கண்டிருக்கிறேன். எலிகளை அவை பார்த்துக்கொள்ளும் என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னேன். படித்த திமிர் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மழைக்காற்றில் அந்த ஆந்தைகளில் ஒன்று நனைந்து விழுந்துவிட்டது. அதை ஒரு கையிலும், செத்த அகழானொன்றை மறு கையிலுமாகப் பிடித்தபடி விதானையார் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

“ரெண்டையும் நிறுங்க மிஸ்.”

நிறுத்தேன். அகழான் ஆந்தையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனத்தது.

“இது அதைத் தூக்குமா?”

“தூக்காது,” என்றேன். முகம் சுட்டது.

“அப்ப இது என்னத்தைத் திங்குது?”

“வெட்டுக்கிளி, சுண்டெலி, எலிக்குஞ்சு. நஞ்சு தின்ற குஞ்சைத் தின்றால் இதுவும் செத்துப்போகும்.”

கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவரோ துவாய்க்குள்ளிருந்து முறைத்த மஞ்சள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலாததுக்கிட்ட வேலையைக் குடுத்திட்டீங்க மிஸ். நம்மட வேலையை நாமளே செய்வம்.”

சிறகு உலர்ந்ததும், ஏணி வைத்து ஏறி ஆந்தையைப் பொந்தில் விட்டார். பிறகு வீட்டுக்கொருவராக மண்வெட்டியோடு வரச் சொன்னார். மூன்று நாட்கள் வரம்பு வரம்பாக வளைகளைத் தோண்டி அகழான்களை அடித்தோம். நானும் முழங்காலளவு சேற்றில் நின்றேன். வளைகளுக்குள் நெற்கதிர்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. கொஞ்சம் போனாலும் விளைச்சலில் பெரும்பகுதி தப்பியது.

மாற்றலாகி இப்போது ஓட்டமாவடிப் பக்கம் வேலை செய்கிறேன். போன மாதம் இங்கு நடந்த எலிக் கட்டுப்பாட்டுக் கூட்டத்துக்கு விதானையாரையும் அழைத்திருந்தேன். எழுந்து நின்று, என்னைக் காட்டிச் சொன்னார்:

“மிஸ் அண்டைக்கு எங்கட கூட்டத்தில சொன்னது பிழை. ஆனா, அந்தப் பிழையைச் சொன்னபடியாத்தான் நாங்க நஞ்சு வைக்கல்ல.”

கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.