வெல்வெட் உறை போட்ட என்ஜின்

என் அக்காள் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் நடத்துகிறாள். அக்காள் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், அங்குள்ள டீசல் ஜெனரேட்டரை நடத்துகிறார். நடத்துகிறார் என்பது பேச்சுக்குத்தான். வாங்கிய நாளிலிருந்து அதை அவர் ஓட்டியதே இல்லை.

ஆனால் துடைப்பார். பல் துலக்குவதற்கு முன்பே துடைப்பார். பெயிண்ட் கொஞ்சம் உரிந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூடாது. அதற்கு மெரூன் நிற வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். அக்காளுக்கு வெல்வெட்டில் ஒரு ரவிக்கைகூடக் கிடையாது.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். "ஆயில் மாத்துங்க. டேங்க் அடியில சேர்ற தண்ணிய வடிச்சு விடுங்க. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ரெண்டையும் பாருங்க. எல்லாத்தையும்விட, வாரம் ஒருதரம் லைட்டு, மெஷினெல்லாம் போட்டு லோடு குடுத்து ஓட்டுங்க."

அத்தான் கடைசி வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். "ஓட்டினா தேஞ்சுடும் மச்சான்" என்பார் என்னிடம்.

குஞ்சு கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் பிரசங்கம், அப்புறம்தான் குஞ்சு. "பெட்ரோல் வண்டின்னா பொறி தட்ட பிளக் வேணும். இதுக்கு அந்தப் பிச்சையெல்லாம் வேண்டாம். வெறுங்காத்த உள்ள இழுக்கும். பிஸ்டன் மேல ஏறி அதப் போட்டு நசுக்கும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப்போட அடி சுடுதில்ல? அதே கததான், பல மடங்கு. அந்தச் சூட்டுல டீசலப் பனி மாதிரி பீச்சினா தானா பத்திக்கும். காத்துதான் இதுக்கு நெருப்பு!" கேட்டவர் கொட்டாவி விட்டால், அத்தான் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்.

அந்தச் சமயத்தில்தான் சமையலறைத் துண்டு ஒன்று காணாமல் போனது. அத்தான் வீடு முழுவதையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். "வேல வெட்டி இல்லாம இங்க இருக்கறது ஒருத்தர்தானே" என்றார். ஒரு துண்டுக்காக என்னைத் திருடனாக்கிவிட்டாரே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு மழைநாள் மத்தியானம், மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள் குஞ்சு பொரிக்கும் மெஷினுக்குள் இருக்கும்போது, கரண்ட் போனது. காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும் நிலை. அக்காள் முகம் வெளுத்துவிட்டது. முந்தைய ஈடு பாதிக்குப் பாதி வீணாகியிருந்தது. இதுவும் போனால் குஞ்சு வாங்க ஒருவரும் இந்த வாசலை மிதிக்கமாட்டார்கள்.

அத்தான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்தார். உறையை மடித்து வைத்தார், சாவியைத் திருப்பினார். என்ஜின் கடகடவென்று சுற்றியதே தவிர பற்றவில்லை. மறுபடி திருப்பினார். சுற்றல் மந்தமானது.

"டீசல்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பிறகு குளிரைத் திட்டினார். மெக்கானிக்குக் கூப்பிட்டேன். "காத்து சரியா போகுதான்னு கேளுங்க" என்றார் அவர். அத்தான் கொதித்துப்போனார். "காத்தப் பத்தி எனக்கே பாடமா? ஏர் ஃபில்டரக் கழுவி நானே மாட்டியிருக்கேன்!"

பேட்டரியின் உயிர் இன்னும் ஒருமுறை திருப்பத்தான் தாங்கும் போலிருந்தது. சூடு போகாமல் இருக்கட்டும் என்று நான் போர்வைகளை அள்ளி வந்து முட்டை மெஷினைச் சுற்றிப் போர்த்தினேன்.

அக்காள் பாய்ந்து வந்து போர்வையை இழுத்தாள். "அந்தக் காத்து ஓட்டைய மூடாதடா! உள்ள இருக்கறது மூச்சு முட்டிச் செத்துடும்!"

சொன்னவள் போர்வையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தாள். நேராகப் போய், அத்தான் "தொடாத, தொடாத" என்று கத்தக் கத்த, ஏர் ஃபில்டரைக் கழற்றினாள். பின்னாலிருந்த குழாய்க்குள் விரலை விட்டு இழுத்தாள். நீல நிறக் கட்டம் போட்ட சமையலறைத் துண்டு வந்தது.

"தூசி உள்ள போயிடக்கூடாதுன்னு..." என்றார் அத்தான். ஃபில்டர் கழுவிய அன்று திறந்திருந்த குழாயில் அதை அடைத்துவிட்டு, எடுக்க மறந்து மேலேயே ஃபில்டரை மாட்டிவிட்டார்.

அக்காள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் முனகியது, இழுத்தது, கரும்புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. பெயிண்டெல்லாம் அதிர்ந்தது. மெஷினில் விளக்கு எரிந்ததும் அக்காள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும் அழுதேன், முட்டைக்காக மட்டுமல்ல, துண்டுக்காகவும்.

குஞ்சுகள் மறுநாள் பொரிந்தன. இப்போது வாரந்தோறும் அத்தான் என்ஜினை ஓட்டுகிறார், சட்டையெல்லாம் கரியோடு. வெல்வெட்டில் அக்காள் ரவிக்கை தைத்துக்கொண்டாள். துண்டைத் துவைக்காமல் என்ஜினுக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டியிருக்கிறாள். என்னிடம் அத்தான் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

பிரசங்கம் மட்டும் நின்றபாடில்லை. போன வாரம் ஒருவர் இடைமறித்து, "அது என்னங்க, அழுக்குத் துண்டு?" என்று கேட்டார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். உள்ளேயிருந்து அக்காள் குரல் கொடுத்தாள்.

"கேக்கறார்ல? ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."