பந்தின் மேல் ஐந்து கை

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று எங்கள் ஊர் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமில் இருந்தவர்களைச் சொல்கிறேன். இரும்புக்கடை பாய், அவர்தான் கிளப்புக்குத் தலைவர். கோச், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மருந்துக்கடைக்காரர், ஜெர்சி, பந்து, வெளியூர் வேன் எல்லாம் அவர் செலவு. டீமின் கேப்டன், காலையில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுவான், சாயங்காலம் ஆடுவான். கடைசியாக நான். சின்னமனூரில் வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். இந்த ஐந்து பேர்தான் கமிட்டி.

எங்கள் நடுவில் தரையில் ஒரு பழைய பந்து. ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தோம். கரண்ட் இல்லை. வெளியே என் மகன் நின்றான். அவனுடைய கால் மட்டும் தெரிந்தது.

அவன்தான் எங்கள் சென்டர், போர்டுக்குக் கீழே நிற்கிற நெட்டையன். ஆறடிக்கு மேல் ஐந்து அங்குலம். கோயம்புத்தூரில் ஒரு மில் டீம் அவனைக் கேட்டது. டீமில் ஆடினால் மில்லில் வேலை. தங்க இடம். ஒரு வருசத்தில் பெர்மனன்ட். அதற்கு எங்கள் கிளப் அவனை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் இன்னொரு ஜில்லாவுக்கு ஆட முடியாது. மறுநாள் திங்கட்கிழமைக்குள் காகிதம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஆளை விடுவதானாலும் சேர்ப்பதானாலும் ஐந்து பேரும் பந்தின் மேல் கை வைக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் காகிதம் கிடையாது. முன்னால் இருந்த ஒரு தலைவர் தன் இஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டு, நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை உத்தமபாளையத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த வருசம் டோர்னமெண்டில் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தோம். அதற்குப் பிறகு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். கையெழுத்தை ஒருத்தன் மறைத்துப் போடலாம், பந்தின் மேல் கை வைத்தால் எல்லோருக்கும் தெரியும் என்றேன். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

நான் ஆறாவது வரை படித்தவன். ஆடியதில்லை. பார்த்திருக்கிறேன். லோடு முடித்து, வாழைப்பால் கறை பிடித்த சட்டையோடு வந்து போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்பேன். ஒரு ஆட்டம் விட்டதில்லை என்பதற்காகவே கமிட்டியில் போட்டார்கள்.

ஆட்டத்தைப் பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. கூடை போடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். நான் போர்டில் பட்டுத் தெறிக்கும் பந்தை யார் எடுக்கிறான் என்று பார்ப்பேன். அதை எடுக்க ஒரு நெட்டையன் வேண்டும். அவன் எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற நாலு பேரும் ஓட முடியும். லோடு ஏற்றுவதும் அப்படித்தான். கீழே நாலு பேர் எத்தனை வேகமாகத் தூக்கிக் கொடுத்தாலும், லாரி மேல் நின்று வாங்கி அடுக்குகிறவன் சரியில்லை என்றால் தார் அடிபடும். கீழே ஆளை மாற்றலாம். மேலே நிற்கிறவனை மாற்றக் கூடாது.

விடிந்ததும் மகன் போனில் அமெரிக்க ஆட்டம் போடுவான். வேலைக்குக் கிளம்பும் வரை நானும் பார்ப்பேன். அங்கே டிரேட் என்று ஒன்று உண்டு. ஆளைக் கொடுத்து ஆளை வாங்குவது. ஒரு டீம் மூன்று பெரிய ஆட்டக்காரர்களை ஒன்றாகச் சேர்த்தது. அதற்காக பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் கொடுத்துவிட்டது.

"இந்தத் தடவை கப்பு இவங்களுக்குத்தான்ப்பா" என்றான் மகன்.

"பந்து ஒண்ணுதானடா இருக்கு. மூணு பேரும் கேட்டா யாருக்குக் கொடுப்பான்?"

அந்த டீம் பாதியில் வெளியே போனது. மகன் இரண்டு நாள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இன்னொரு டீம் தன் சென்டரைக் கொடுத்து இரண்டு கார்டுகளை வாங்கியது. கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிற குட்டை ஆள். ஒன்றுக்கு இரண்டு கிடைத்தது லாபம் என்று டீக்கடையில் பையன்கள் சொன்னார்கள். என்னிடம் கேட்டார்கள்.

"தப்பு" என்றேன்.

"ஏன் மாமா?"

"நெட்டையனைக் கொடுத்துட்டான்."

"ஏலே, மாமாவுக்கு ஒரு தென்னை மரத்தைக் கொண்டாந்து நடுவுல நட்டாக்கூடப் போதும்லே" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் வருவதற்கு முன்னால் அவன்தான் எங்கள் சென்டர். இருபத்திரண்டு வயதில் அவனுக்கும் ஒரு இடத்திலிருந்து கேட்டு வந்தது. மெட்ராஸில். வேலையும் சேர்த்துத்தான். அன்றும் இதே ரூம்தான். மற்றவர்கள் கை வைத்தார்கள். நான் வைக்கவில்லை. இவன் போனால் போர்டுக்குக் கீழே ஆள் இல்லை, சென்டர் போனால் டீம் போச்சு என்றேன். அவன் அப்போது வெளியே நின்றான். சொன்னதும், "சரி மாமா" என்றான். குனிந்து ஷூவைக் கட்டினான். அன்று சாயங்காலம் ஆடினான். அந்த வருசம் ஃபைனலுக்குப் போனோம். நான் சொன்னது சரிதான் என்று ஊரே பேசியது. அவனுக்கு மறுபடி எங்கிருந்தும் கேட்டு வரவில்லை.

என் மகனுக்கு போர்டுக்குக் கீழே நிற்கச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். எதிராளியை முதுகால் தள்ளி இடம் பிடிப்பது, பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பார்ப்பது, எல்லாம். அவனுக்கு முட்டி தேய்ந்ததும் தானாகவே மகனுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, போர்டை விட்டுத் தள்ளி நின்று ஆடினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"பெருசாப் பேச என்ன இருக்கு? நம்ம புள்ள. நல்ல இடம். போகட்டும்."

அவர் குனிந்து கை வைத்தார். கோச்சும் வைத்தார். "டோர்னமெண்டுக்கு எவனையாவது தேத்திக்கலாம்" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. மருந்துக்கடைக்காரர் வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, நெட்டையனை விடக்கூடாதுன்னு சொல்ற ஆளு நீங்கதான. இப்ப என்ன சொல்லுதீக?"

"இப்பவும் அதான் சொல்றேன்."

"அப்புறம்?"

குனிந்து கை வைத்தேன். பந்து சூடாக இருந்தது. மூன்று பேர் விரலுக்கு நடுவில் இடம் தேடி வைக்க வேண்டியிருந்தது. பாக்கி கேப்டன் மட்டும்தான்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வைப்பா" என்றார் பாய். "இடுப்பு வலிக்குது."

"ஒண்ணு கேக்கணும் பாய். மாமாட்ட."

"கேளு" என்றேன்.

"சென்டர் போனா டீம் போச்சுன்னு அன்னைக்குச் சொன்னீக. அது சரின்னு நம்பித்தான் இத்தனை வருசமா நான் இங்கன கெடக்கேன். சிலிண்டரைத் தூக்கிட்டு மாடி ஏறும்போதெல்லாம் அதத்தான் நெனைப்பேன். ஒரு காரணத்துக்காகத்தான இருக்கோம்னு. இன்னைக்கு நீங்களே கை வச்சுட்டீக."

அவன் முட்டியைத் தடவுவதை நிறுத்தினான்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மாமா. அன்னைக்குத் தப்பா, இன்னைக்குத் தப்பா?"

"ஏப்பா, அவர் புள்ளைக்கு வேலைப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்கு வந்ததும் வேலைதாண்ணே."

"பழசை எதுக்கு இப்ப?" என்றார் கோச்.

"பழசு இல்ல சார். தெனம் காலைல அதத்தான் தூக்குறேன்."

அவன் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆட்டத்துக்கு நடுவில் டைம் அவுட் எடுத்து யார் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டான்.

நான் யோசித்தேன். அன்றைக்குத் தப்பு என்று சொன்னால் அவன் கை வைத்துவிடுவான். அது எனக்குத் தெரிந்தது. மகன் நாளைக்கே பஸ் ஏறலாம். ஆனால் நீ இங்கே கிடந்ததெல்லாம் வீண் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகும். அதோடு அது பொய். அன்றைக்கு நான் சொன்னது தப்பில்லை. இன்றைக்குத் தப்பு என்று சொன்னால் என் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் மகன் இங்கேதான். என்னோடு லாரியில் ஏறி நின்று தார் வாங்கி அடுக்குவான். நெட்டையன், நன்றாக அடுக்குவான்.

குனிந்தே இருந்ததில் கழுத்து வலித்தது. வியர்வை மூக்கிலிருந்து பந்தின் மேல் விழுந்தது. துடைக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

"சொல்லுங்க மாமா."

பந்தையே பார்த்தேன். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த அன்று, ஒருத்தன் நியாயமாகக் கை வைக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"மாமா சொல்ல மாட்டாக" என்றான் கேப்டன், பாயைப் பார்த்து. "பொய் சொல்ல வராது அவருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் மாமா. அவன் போனா போர்டுக்குக் கீழ ஆளு கெடையாது."

அவன் இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டான்.

பாய் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை பந்தை விட்டு வரவில்லை. யார் முதலில் எடுப்பது என்று நாங்கள் அப்படியே இருந்தோம்.

வெளியே நின்ற கால்கள் நகர்ந்தன. மகன் குனிந்து ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அவ்வளவு உயரம், நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கேப்டனையும் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தான். உதடு அசைய, அதன் மேல் இருந்த கைகளை எண்ணினான்.

நான்கு.