லண்டன் கசெட்டில் இருமியவர்

பழைய வீடியோ கசெட்டுகளை யூஎஸ்பிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையில், முகம் தெளிவதற்கு முன்பே குரல் வந்துவிடும். சனிக்கிழமை நித்திரையை பார்ட்-டைம் வேலைக்குப் பறிகொடுத்த என் சக பாவிகளே, உங்கள் கடைகளில் உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தானே கத்துவார்கள்? என் கடையில் மற்றவர்களும் கத்துவார்கள். வைஸ் பிரின்சிபலின் குரலில் ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் நான். இவ்வளவு குரல்களுக்கு நடுவில் என்னைக் கொண்டுவந்து இருத்தியது முதலாளி குகன் அண்ணையின் பிழை.

குடை

தொண்ணூறுகளில் லண்டனில் எடுத்த கசெட் கனடா மெஷினில் ஓடாது. படம் கோடு கோடாக உருளும். அங்கே சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த எங்கள் சனம் இது தெரியாமல் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, இருபத்தைந்து வருடமாக பேஸ்மென்டில் போட்டு வைத்திருக்கிறது. அதை ஓட்டக்கூடிய லண்டன் மெஷின் இங்கே கனடாவில், வோபர்னில் இருக்கும் எங்கள் கடையில் இருக்கிறது.

பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஒரு அங்கிள் மகளின் முதலாவது பிறந்தநாள் கசெட்டோடு வந்தார். கேக் வெட்டி முடிந்ததும், முன்பு அதே கசெட்டில் பதிந்திருந்த டிவி எட்டிப் பார்த்தது. ஸ்னூக்கர், சவர்க்கார விளம்பரம், பிறகு வானிலை சொல்லும் மனிதர். அங்கிளுக்குக் கேக்கே மறந்துபோனது.

அடுத்த கிழமை அவர் கவுன்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் விடுவேனா? அந்த வானிலைக்காரரின் மொறுமொறு ஆங்கிலத்தில், மேற்கிலிருந்து மழை வருகிறது என்று மெல்லச் சொன்னேன். வெளியே ஜூலை வெயில். அங்கிளின் கை தானாக எழும்பி, கதவோரம் இல்லாத ஒரு கொக்கியைத் தேடியது. வெறும் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஆர் பிள்ளை என்ர குடையை எடுத்தது?"

கமராவுக்குப் பின்னால்

மலர் அன்ரி கொண்டுவந்தது ஒரேயொரு கசெட். புருசன் லண்டனிலேயே செத்துப்போனார். அன்ரி அதற்குப் பிறகுதான் கனடா வந்தவர். படங்கள் இருக்கின்றன, குரல் இந்தக் கசெட்டில் மட்டும். "கடைசியில என்ர பேரைச் சொல்லி ஒருக்காக் கூப்பிடுவார் பிள்ளை. அது ஒண்டு கேட்டாப் போதும்" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். ஈஸ்ட்ஹாம் வீட்டு வாசலில் பால் போத்தல்கள், அவற்றின் வெள்ளி மூடியைக் கொத்தும் குருவி, தெருமுனையில் சிவப்பு டெலிபோன் கூண்டு. கமரா எப்போதும் புருசனின் கையில். ஒரு இடத்திலும் ஆள் தெரியவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு சின்ன இருமல், பிறகு, "எங்க, எல்லாரும் இஞ்சால பாருங்கோ."

மத்தியானத்துக்குள் அந்தக் குரல் எனக்கு வந்துவிட்டது. குகன் அண்ணையைத் திடுக்கிட வைக்க அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று சொன்னேன்: "எங்க, எல்லாரும் இஞ்சால பாருங்கோ." கதவு மணி அடித்ததைக் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தால், மலர் அன்ரி நிற்கிறார். தலைமயிரைக் கையால் ஒதுக்கி, கழுத்துச் சங்கிலியை நேராக்கி, அலுமாரியைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்: "வெளிச்சம் காணுமோ?"

சத்தமில்லாத நாலு நிமிடம்

கசெட்டின் கடைசி நாலு நிமிடம் பூஞ்சணம் பிடித்திருந்தது. படம் இருந்தது, சத்தம் போய்விட்டது. நத்தார் நாள், கிறிஸ்மஸ் மரத்துக்குப் பக்கத்தில் டிவியில் மகாராணி பேசுகிறார். கமரா குசினிப் பக்கம் திரும்புகிறது. இளம் மலர் அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வெளியே வருகிறார். கூப்பிட்ட குரல் மட்டும் இல்லை.

"நீ சொல்லன், ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் குகன் அண்ணை. பின்னறையைச் சாத்தி, மைக்கைப் பிடித்து, மூன்றே மூன்று சொல் சொன்னேன்: "மலர், இஞ்ச வாரும்."

போட்டுக் கேட்டோம். முதலில் ஒரு சின்ன இருமல். பிறகுதான் நான். குகன் அண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் வாயைப் பார்த்தார். "அபி, இருமினது ஆரடி?"

கூப்பிட்ட ஆள்

அதை அழித்துவிட்டோம். அன்ரியிடம் உண்மையைச் சொல்லி, சத்தமில்லாத துண்டைப் போட்டுக் காட்டினேன். அன்ரி அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வேணுமெண்டா நான் அவரின்ர குரலில கூப்பிட்டுக் காட்டுறன், அன்ரி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அன்ரி திரையில் தான் குசினியிலிருந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் பிள்ளை. உதில நான் சிரிச்சுக்கொண்டு வாறன்தானே, அப்ப அவர் கூப்பிட்டிருக்கிறார். நீயும் கூப்பிட்டா, நான் ஆரிட்டைப் போறது?"

இப்போதும் கடைக்கு வரும் எல்லாருடைய குரலிலும் கதைக்கிறேன், ஆனால் இருமல் வந்தால் மட்டும் அது என்னுடையதுதானா என்று குகன் அண்ணையிடம் ஒருக்காக் கேட்டுக்கொள்கிறேன்.