தரையில் உட்காராமல் நடத்திய கல்யாணம்

அண்ணன் அன்று எனக்குக் கொண்டுவந்த சாத்துக்குடி பச்சைப் பசேலென்று, உரித்தால் நகம் வலிக்கும் பதத்தில் இருந்தது. நோயாளியைப் பார்க்க வருகிறவன் பழுத்ததாகப் பார்த்து வாங்கி வருவான். அவர் வந்தது என்னைப் பார்க்க அல்ல என்பது அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஷட்டர் மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். நொறுங்கிய இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, உலோகத்தில் பந்தும் கிண்ணமுமாகப் புதியது வைத்தார்கள். மகளுக்கு நிச்சயம் முடிந்து, வைகாசியில் கல்யாணம் என்று பத்திரிகையும் அடித்தாகியிருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுவாரம் அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

“தோ பார்றா, கீழ உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாராமே. தேதிய தள்ளினா அபசகுனம். ஒண்ணியும் கவலப்படாத. நானும் உங்க அண்ணியும் மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுத்துடறோம். எனக்குந்தான் பொண்ணு இல்ல, அந்தப் புண்ணியம் கெடச்ச மாதிரியும் ஆச்சு.”

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனபோது, “வெள்ளாம ஊட்ல பொறந்துட்டு இரும்ப நக்கப் போறான்” என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் இவர். வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிந்து, உருளைக்கிழங்கைத் துருவிக் கண்ணில் கட்டிக்கொண்டு நான் படுத்த இரவுகளில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் அதே எஸ்டேட்டில் சொந்தப் பட்டறை போட்டேன். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை, நானும் யாரிடமும் போய் நிற்கவில்லை. அப்படி நான் வளர்த்த பெண்ணை, மணையில் உட்கார்ந்து இவர் கொடுப்பாராம்.

அவர் போனதும் என் மனைவி பேசினாள். தாரை வார்ப்பதென்றால் தகப்பன் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைக்க, தாய் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜோடியாகத்தான் உட்கார முடியும். “அவரு உக்காந்தா தண்ணிய உங்க அண்ணி ஊத்துவாங்கோ. பெத்தவ நான் ஓரமா நின்னுகினு வேடிக்க பாக்கணுமா?” என்றாள். அழவில்லை. கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்துத்தான் தூங்க வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. குனிந்து செருப்பை எடுக்கக் கூடாது. முழங்காலைவிட இடுப்பு தாழும்படி எதிலும் உட்காரக் கூடாது. வாக்கரைத் தள்ளி, முதலில் ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். காலைப் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லும்போது அந்தப் பெண்ணை அறையலாம் போலிருக்கும். “கத்துங்க சார், பரவால்ல. ஆனா கால கீழ போடாதீங்க” என்பாள். அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு விரிப்பேன். பக்தியால் மலையேறி நடந்தவர்கள் உண்டு. நான் வன்மத்தால் நடந்தேன். அதுவும் நடைதான். வைகாசிக்குள் மணையில் உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டபோது, “வைகாசி இல்ல சார், எப்பவுமே வேணாம். பந்து கழண்டுகிச்சுன்னா மறுபடி ஆஸ்பத்திரிதான்” என்றாள்.

அப்படியானால் நாற்காலி போட்டுக்கொள்கிறேன் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்து நின்றார். “சேர்ல உக்காந்து தாரை வாத்தா அது கல்யாணமா, தாசில்தாரு நடத்துற ஜமாபந்தியா? பொண்ணும் மாப்ளையும் கீழ, நீ மேலயா? சம்பந்தி ஊட்டு ஜனங்க சிரிப்பாங்கோ. ஆம்பளையா கீழ உக்காரு, இல்லன்னா வுட்டுக் குடு.”

அவர் சொன்னதில்தான் எனக்கு வழி கிடைத்தது. நான் இறங்கக் கூடாதென்றால் தரை ஏறட்டும். சித்திரையில் ஊன்றுகோலோடு பட்டறைக்குப் போய், நின்றபடியே ஆங்கிள் இரும்பை அளந்து, நானே பற்றவைத்தேன். மணமக்கள் சம்மணமிட்டு உட்கார நாற்காலி உயரத்துக்கு ஒரு மேடை, அதே உயரத்தில் செங்கல்லும் மணலும் பரப்பி அக்கினி வளர்க்க ஒரு ஸ்டாண்டு. ஆட்களை ஏற்றிக் குதிக்கச் சொன்னேன். அசையவில்லை. படித்தவன் நூறு பேர் எங்கள் உறவில் உண்டு, ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. ஐயரிடம் கேட்டதற்கு, “அக்கினிக்கு மணல் இருந்தாப் போதும். ஸ்டாண்டுக் கால் எவ்வளவு உயரம்னு எந்த மந்திரத்துலயும் இல்லையே” என்று சிரித்துவிட்டார்.

இன்று எந்த மண்டபத்திலும் பெற்றவர்கள் நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். முழங்கால் மாற்றியவர், இடுப்பு மாற்றியவர் இல்லாத கல்யாணமே இல்லை. யாரும் முறைப்பதில்லை. இதை முதலில் செய்தவன் நான் என்று சொன்னால் பேரன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்த வைகாசியில் பூந்தமல்லி மண்டபத்தில், என் கையும் மகளின் கையும் மாப்பிள்ளையின் கையும் சேர்ந்திருக்க, என் மனைவி செம்பைச் சாய்த்தாள். தினமும் என் காலைத் தூக்கிப் பிடித்துப் பழகிய கை, ஒரே சீராக ஊற்றியது. தண்ணீர் விழுந்து முடிந்ததும் கீழேயிருந்து அண்ணனின் குரல், எல்லோருக்கும் கேட்கும்படி: “இன்னாடா இது, கல்யாண மேடையா, வெல்டிங் பட்டறையா?”

நான் வாய் திறக்குமுன் என் மனைவி திரும்பினாள். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியதில்லை. “பட்டறைதான் மாமா. அதுதான் எங்களுக்கு சோறு போட்டுச்சு. இன்னிக்கு உங்களுக்கும் போடும். சாப்ட்டுட்டுப் போங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கல்யாண வீட்டில் மூத்தவர் சாப்பிடாமல் போகலாமா என்று உறவுக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். நான் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாகப் பந்திக்குப் போனேன், ஆபரேஷன் கால் முதலில், நல்ல கால் பிறகு. அவருக்கென்று முதல் வரிசை மேசையில் போட்டிருந்த இலைக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.