மாலை போட்ட கம்ப்யூட்டர்

தென்னரசு காலையில் கடைக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தட்டி, திரையில் வரும் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். பக்கத்தில் பட்டுச்சேலை மடிக்கும் நான் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். மெஷின் நிற்காமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கை அது.

முதலாளி கமலக்கண்ணன் 2004இல் கடைக் கம்ப்யூட்டரை லினக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாற்றியபோது தென்னரசை வேலைக்கு வைத்தார். அது தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், பழுதானால் யோசனை கேட்க எங்கள் தெருவில் தென்னரசுக்கு ஆளில்லை. ஒழுங்காக ஓடினால் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை.

"ஒரு வருஷம் ஓடட்டும், மொதலாளிய கூப்ட்டு காட்றேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

முந்நூற்று நாற்பதாம் நாள் ஆயுத பூஜை. தறிக்கு ஓய்வு கொடுப்பதுபோல முதலாளி கம்ப்யூட்டரையும் அணைத்து, சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்.

"நிறுத்திட்டீங்களா மொதலாளி?"

"ஓடிகினே கீதேப்பா! உன்ன விட்டா அதுக்கு லீவே குடுக்க மாட்ட. இந்தா, பொரி."

தென்னரசு இரண்டு கையாலும் பொரியை வாங்கிக்கொண்டார். மறுநாள் திரையில் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

இப்போது ஆயுத பூஜைக்கு முந்தின நாளே தென்னரசு மெஷினை நிறுத்தி, துடைத்து வைத்துவிடுகிறார்.