சிவந்த புள்ளி

ஓய்வுப் பணத்தில் பூம்புகார் பக்கம் நிலம் வாங்கப் போனபோது, ரயிலில் எதிரே முக்காடிட்ட பெண் ஒருவர் மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். திரையில், ‘ஆர்’ என்னும் கணினி மொழியில் அவர் உருவாக்கிய காவிரி டெல்டா வரைபடம். ஊருக்கு ஒரு புள்ளி. ஆண்டுகள் ஓட ஓட, நிலத்தடி நீரில் உப்பேறிய ஊர்கள் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறின. படம் ஓடும்போதெல்லாம் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் போகும் ஊரைச் சொல்லி, “அங்க நிலம் வாங்கலாமாங்க?” என்று கேட்டேன்.

“நான் சொல்ல மாட்டேங்க. புள்ளியத் தொடுங்க, உப்பு அளவு வரும். நீங்களே ஓட்டிப் பாருங்க” என்று கணினியை என்னிடம் நீட்டினார்.

திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் புள்ளி சிவந்தது. மயிலாடுதுறையில் இறங்கி, ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தேன்.

அவர் வேண்டாமென்று சொல்லியிருந்தால் வீம்புக்காகவே வாங்கியிருப்பேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது?